கலவை டாக்டர்

சார், இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். இப்போது இல்லை. இப்போதே சொல்லிவிட்டால் சப்பென்று போய்விடும். அதோ, அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் கையில் கட்டம் போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் எங்கள் அப்பா. பொன்னுரங்கம். கொத்தனார். அவர் டாக்டர் அறைக்குள் போகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது இந்த பெஞ்சுக்கு அப்படியே கேட்கும். அதற்காகத்தான் அந்தக் குண்டு அம்மாவை நகர்த்திவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

என் பேர் இளவழகன். பிளஸ் டூ. நீங்கள்? சரி, சொல்ல வேண்டாம். இங்கே வருகிறவர்கள் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், எனக்குத் தெரியும். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படி இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்டெல்லாக்கா விட மாட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து குழைக்கிறாரே, அந்தக் கம்பவுண்டர் அக்கா. உள்ளே போக முறை வந்ததும் பேரோடு சேர்த்து உடம்பில் எந்த இடம் என்பதையும் துறையூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார். "கோமதி, கழுத்து!" "அப்துல் ரசாக், முழங்கால்!" ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்குப் போய்விடக் கூடாதாம். போன தடவை ஒரு வாத்தியார் வந்திருந்தார். அவரை மட்டும் "சார், நீங்க உள்ள வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அவ்வளவுதான், மொத்த பெஞ்சும் வாத்தியாரையே பார்த்தது. பாவம், பேசாமல் இடத்தைச் சொல்லியிருக்கலாம்.

ஸ்டெல்லாக்கா குரல் எப்படி இருந்தது? சரியாக வந்ததா? நான் எந்தக் குரலாக இருந்தாலும் ஒரு தடவை கேட்டால் போதும், பிடித்துவிடுவேன். எங்கள் மினி பஸ் கண்டக்டர்: "உள்ள போ, உள்ள போ, உள்ள கபடி விளையாடலாம், அவ்வளவு இடம் இருக்கு." எங்கள் ஹெச்.எம்.: "அடேய் அஞ்ஞானிகளே!" நீங்கள் உட்காரும்போது "அப்பனே முருகா" என்று ஒரு பெருமூச்சு விட்டீர்களே, அதுகூட என்னிடம் வந்துவிட்டது. செய்து காட்டட்டுமா? வேண்டாமா? சரி.

எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் சுத்தமாக வராது. அவர் குரல் ஒன்றே ஒன்றுதான். அதையும் செலவழிக்க மாட்டார்.

வேதமுத்து டாக்டரை இப்போதுதான் முதல் தடவை பார்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் "டாக்டர், ஒரே அரிப்பு, உட்கார முடியல, படுக்க முடியல" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு இருமல் வரும். அடித்தொண்டையிலிருந்து, லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி. அப்புறம் "ம்ம்ம்... நீ சொல்லாதே. காட்டு." அவ்வளவுதான். எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்டவர்கள் இந்த ஊரில் இல்லை. பார்ப்பார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். அப்புறம் சீட்டு எழுதுவார். கடையில் விற்கிற டியூப் எதையும் எழுத மாட்டார். இது இவ்வளவு, அது இவ்வளவு என்று எழுதி ஸ்டெல்லாக்காவிடம் அனுப்புவார். அந்த அக்கா அதைப் பீங்கான் பலகை மேல் போட்டு, தட்டைக் கத்தியால் தேய்த்துத் தேய்த்துக் குழைத்து, வெள்ளை டப்பாவில் அடைத்து, பேரும் இடமும் எழுதி ஒட்டிக் கொடுப்பார். உங்களுக்கு ஒரு கலவை, எனக்கு ஒரு கலவை. அதனால்தான் ஊரில் அவருக்குக் கலவை டாக்டர் என்று பேர்.

எங்கள் அப்பா முதல் தடவை வந்தபோது நானும் கூட வந்தேன். அப்பாவுக்குச் சந்தேகம். கலவை என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது நீண்டுவிடும். தொழில் அது இல்லையா?

"என்ன டாக்டர் கலக்கப் போறீங்க?"

"யூரியா."

"வயலுக்குப் போடுறதா?"

"அதேதான். சுத்தம் பண்ணினது. வெடிப்பு இளகும்."

"அப்புறம்?"

"கொஞ்சம் தார்."

"ரோட்டுக்குப் போடுறதா?"

"ம்ம்ம்."

"கூட ஒரு மூட்டை சிமென்ட்டும் சேத்துட்டீங்கன்னா நானே இங்க ஒரு ரூம் கட்டிடுவேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவின் கையை மேசை விளக்குக்குக் கீழே திருப்பி வைத்தார். "அந்தச் சிமென்ட்டுதான் உன் கையைத் திங்குது. அதைத் தொடுற வரைக்கும் நான் பூசிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நீ காரை பேந்த சுவத்துக்கு மேலயே பூசுவியா?" என்றார்.

 அப்பா வெளியே வந்து, டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இந்த ஆளு வேலை தெரிஞ்சவர்டா" என்றார். அதுதான் எங்கள் அப்பா யாருக்காவது கொடுக்கிற பெரிய சர்டிபிகேட்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இது காய்ச்சுப்போன கைக்குன்னு கலந்தது. வேற யாரும் தொடக் கூடாது, உன் பிள்ளைகூட. எளசான தோல்ல பட்டா தோலை உரிச்சுடும். தீர்ந்ததும் வா. கையைப் பாத்துட்டுக் குறைச்சு எழுதறேன்."

"அப்துல் ரசாக், முழங்கால்!"

கேட்டீர்களா? நான் இல்லை, நிஜ ஸ்டெல்லாக்கா. இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் அப்பா களிம்பு போடுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும் சார். சாயங்காலம் வேலை விட்டு வந்து, கை கழுவி, விளக்குக்கு நேரே உட்காருவார். விரலால் தொட மாட்டார். ஐஸ் குச்சி ஒன்று வைத்திருக்கிறார். அதால் ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொள்வார். பூசி முடித்ததும் டப்பாவுக்குள் மிச்சம் இருக்கிறதே, அதை அந்தக் குச்சியாலேயே மட்டம் தட்டுவார். சுவருக்குப் பூச்சு விடுகிற மாதிரி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், வழவழவென்று. அப்புறம்தான் மூடி. மருந்து டப்பாவுக்கு எதற்கு சார் ரசமட்டம்? பைத்தியம்! அம்மாவும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். தெருவில் போகும்போது ஒரு சுவரைப் பார்த்தால் போதும், "இது சின்னப்பன் பூச்சு, இது கொளஞ்சி கை" என்று சொல்லிக்கொண்டே வருவார். பூச்சில் அவனவன் கை தெரியுமாம். சுவரில் என்ன கை தெரியும்? எனக்கு எல்லாச் சுவரும் சுவராகத்தான் தெரிகிறது.

சரி, டப்பா தீர்ந்ததும் போனாரா? இரண்டு மூன்று தடவை போனார். கை நன்றாக ஆகும், வேலைக்குப் போவார், மறுபடி வெடிக்கும், டாக்டர் திட்டுவார். கையுறை போடச் சொன்னார். போட்டுப் பார்த்தார். "ஈரம் தெரியலடா, கண்ணைக் கட்டிக்கிட்டு சோறு திங்கற மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்துவிட்டார். அப்புறம் டாக்டர் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு போவதையே நிறுத்திவிட்டார். கடைசி டப்பாவில் இருந்த களிம்போடு கடையில் வாசலின் வாங்கிக் கலந்து நீட்டித்துக்கொண்டே வந்தார். கொத்தனார் புத்தி சார். சிமென்ட் குறைந்தால் மணலைக் கூட்டிவிடுவது.

இதற்கு நடுவில்தான் ஒரு நாள் சாரத்தின் மேலே நின்று பூசும்போது கரணை கையிலிருந்து நழுவிவிட்டது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. விரலில் பிடிப்பு இல்லை என்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவரைச் சாரத்தில் ஏற்றுவது இல்லை. கீழே தரை தேய்க்கிற வேலை இருந்தால் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் அம்மா ஒரு ஆள் மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலம் மடிப்பதில்தான் அடுப்பு எரிகிறது.

நானா? நான் சும்மா இருப்பேனா? லீவு நாளில் பெரம்பலூர் ரோட்டில் ஒரு சைட்டுக்குப் போய்க் கலவை போடுகிறேன். பள்ளிக்கூடம் இருக்கிற நாளிலும் சில நாள் போவேன். அப்பாவுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஹெச்.எம். குரலில் நானே போன் செய்துவிடுவேன். "பொன்னுரங்கம் அவர்களே, தங்கள் புதல்வனுக்கு இன்று சிறப்பு வகுப்பு." அப்பா "சரிங்கய்யா" என்று வைத்துவிடுவார். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

என்ன சார், என் மணிக்கட்டையே பார்க்கிறீர்கள்? கொசு. எங்கள் தெருவில் சாக்கடை திறந்து கிடக்கிறது. கொஞ்ச நாளாகவே இந்தக் கொசு விரல் இடுக்கிலும் கடிக்கிறது. அதற்கு அப்பா டப்பாவிலிருந்து கொஞ்சம் தொட்டுப் போட்டுக்கொள்வேன். கொஞ்சூண்டுதான். போட்டதும் அடங்கிவிடும். அப்புறம் மறுபடி வரும், முன்னைவிடச் சிவப்பாக. ஆனாலும் நல்ல மருந்து.

அதில் ஒரு கூத்து நடந்தது. ஒரு சாயங்காலம் அப்பா டப்பாவைத் திறந்து விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல யாரு கை வெச்சது?" என்றார். நான் சமையல் கட்டில் இருந்தேன். அம்மா குரலில் "நான்தாங்க, தோசைக்கல்லுல சுட்டுக்கிட்டேன், அதான் தொட்டுப் போட்டேன்" என்றேன். அப்பா டப்பாவை மூடி வைத்தார். அப்புறம் "சரி, பாத்து" என்றார். அம்மா அப்போது கடையிலிருந்து வரவே இல்லை சார்! அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா கையைப் பார்த்தார், சமையல் கட்டைப் பார்த்தார்.  எங்கே புரியப் போகிறது!

"தனபாக்கியம், தலை!"

இருங்கள், இனிமேல்தான் முக்கியமான இடம். அப்பாவை எப்படியாவது டாக்டரிடம் கூட்டி வர வேண்டும். நான் சொன்னேன், கேட்கவில்லை. அம்மா அழுதுகூடப் பார்த்தது. "பாப்பம், பாப்பம்" என்பார். அவர் பயப்படுகிற குரல் ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது. அது என்னிடம் இருக்கிறது. அப்புறம் என்ன?

போன திங்கள்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில், ஜன்னலுக்கு எதிரே, என் கூட்டாளி சபீர் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நானும் சபீரும் உட்கார்ந்துகொண்டோம். போன் அவனுடையது. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக அப்பா தெரிவார். போட்டேன். முதலில் லாரி இருமல்.

"பொன்னுரங்கமா? வேதமுத்து பேசறேன்."

அப்பா சடாரென்று கட்டிலை விட்டு எழுந்தார் சார். மடித்துக் கட்டின கைலியை அவிழ்த்துவிட்டார். போனுக்கு மரியாதை! சபீர் சட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான்.

"டாக்டர் ஐயாவா! சொல்லுங்கய்யா!"

"ம்ம்ம்... கை எப்படிப்பா இருக்கு?"

 அப்பா மெதுவாகத் திரும்பவும் கட்டிலில் உட்கார்ந்தார். பயம். இத்தனை மாசம் போகாதவர் இல்லையா?

"இருக்கு டாக்டர்" என்றார். அப்புறம், "நீங்களே பாருங்களேன்" என்றார்.

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? துண்டை உருவிவிட்டு, கையை விரித்து, ஜன்னல் பக்கமாக நீட்டிக் காட்டினார்! போனில்! போனில் பேசுகிற டாக்டருக்குக் கையைக் காட்டுகிறார் சார்! முன்பக்கம் காட்டினார், திருப்பிப் பின்பக்கம் காட்டினார். சபீர் தரையில் உருண்டுவிட்டான்.

நானும் சிரித்தேன். ஆனால் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. வீட்டில் அந்தக் கை எப்போதும் துண்டுக்குள்தான் இருக்கும். கொஞ்ச நாளாக எங்களை விட்டுத் தனியாகச் சாப்பிடுகிறார். அது ஏன் என்று... சரி, விடுங்கள். நீங்களே வைத்தியத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு அது.

அப்புறம் அப்பாவே பேச ஆரம்பித்தார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிறதை அன்றைக்கு டாக்டரிடம் பேசினார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். இது அப்பனுக்கு வந்தா பிள்ளைக்கும் வருமா?"

"அதெல்லாம் வராதுப்பா. சிமென்ட்டைத் தொட்டாதான் வரும்."

"தொட்டா வருமா?"

"தொட்டா வரும்."

"எளவயசா இருந்தாலும்?"

"ம்ம்ம்."

"அப்ப தொடாதேன்னு சொல்லுங்க டாக்டர்."

"தொடாதே."

"இந்தப் போன்ல சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"சிமென்ட்டைத் தொடாதே!"

"இன்னொரு தடவை சொல்லிடுங்க."

"சிமென்ட்டைத் தொடாதேன்னா தொடாதே!" கத்தினேன் சார். கொட்டகையில் மாடு எழுந்து நின்றுவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"போதும் டாக்டர். வீட்ல யாரு சொன்னாலும் ஏறாது. நீங்க உங்க வாயாலயே சொல்லிட்டீங்க."

பார்த்தீர்களா? பெற்ற பிள்ளை சொன்னால் ஏறாது. டாக்டர் குரல் என்றதும் ஏறிவிட்டது.

அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கொஞ்சம் விட்டு, "ஆனா டாக்டர், தொடாம எப்படிப் பொழைக்கறது? அதுக்கும் ஒரு கலவை எழுதுங்களேன்" என்றார்.

அதற்கு என்ன சொல்வது? டாக்டர் குரலில் எனக்கு இருமல் தெரியும், திட்டத் தெரியும். இதற்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவரிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "ம்ம்ம்" என்றேன். அப்பாவும் "ம்ம்ம்" என்றார். அவர் சொன்னதுகூட டாக்டர் சொல்கிற மாதிரியே கேட்டது, போனில் எதிரொலி போல. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி ம்ம்ம் சொல்லிக்கொண்டிருந்தோம். சபீர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஏன்டா மாப்ள, கண்ணெல்லாம் தண்ணி?" என்றான். ரொம்ப அடக்கினால் வராதா? சிரிப்பை அடக்கினால் கண்ணில் வருவதுதான்.

கடைசியில் சமாளித்துக்கொண்டு, "வியாழக்கிழமை வா. அந்தப் பழைய டப்பாவையும் எடுத்துட்டு வா" என்றேன்.

"வரேன் டாக்டர். பையனையும் கூட்டிட்டு வரேன்."

"அவன் எதுக்குப்பா?"

"அவன் வந்தாத்தான் ஆகும் டாக்டர். துணைக்கு."

இவ்வளவு பெரிய ஆளுக்குத் துணை! ஆனால் எனக்கு நல்லதாகப் போயிற்று. விஷயம் இப்போது புரிகிறதா சார்? இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே போவார். "நீங்கதானே டாக்டர் போன் பண்ணி வரச் சொன்னீங்க" என்பார். டாக்டர் லாரி ஸ்டார்ட் பண்ணுவார். "நான் எப்பய்யா பண்ணினேன்? நான் யாருக்குப் போன் பண்ணியிருக்கேன்?" அப்பா முழிப்பார். டாக்டர் முழிப்பார். அந்த இரண்டு முழியும் நமக்குத்தான், இந்த பெஞ்சுக்குத்தான். அப்புறம் அப்பா வெளியே வந்து என்னைத் தேடுவார். அடிக்கட்டுமே. அதற்குள் டாக்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டிருப்பார் இல்லையா? புதுக் கலவை எழுதிவிட்டிருப்பார் இல்லையா? எனக்கு அது போதும்.

பேர் கொடுக்க எவ்வளவு நேரம் நிற்கிறார் பாருங்கள். டப்பாவைத் திறந்து ஸ்டெல்லாக்காவிடம் எதையோ காட்டுகிறார். ஐஸ் குச்சிப் பெருமையாக இருக்கும். அந்த அக்கா எதற்கு எட்டி எட்டி என்னைப் பார்க்கிறார்? சிரித்து வைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

வந்துவிட்டது சார். சீட்டை எடுத்துவிட்டார். காதைக் கதவுப் பக்கம் வையுங்கள். தயாரா?

"இளவழகன், கை!"

இல்லை சார், மாற்றி எழுதிவிட்டார்கள். யாருக்கு என்று கேட்டிருப்பார்கள், அப்பா பதற்றத்தில் என் பேரைச் சொல்லியிருப்பார். அக்கா! பேரு தப்புக்கா! பொன்னுரங்கம், கை! பொன்னுரங்கம்!

தலையை ஆட்டுகிறார். இல்லை என்கிறாரா?

அப்பா, உங்களைத்தான் கூப்பிடறாங்க, போங்க. கதவு அந்தப் பக்கம். இங்க எதுக்கு வர்றீங்க? சார், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், உட்காரட்டும்.

உட்காரவில்லை. எனக்கு நேரே வந்து நிற்கிறார். டப்பாவை என் மடியில் வைக்கிறார். திறந்துதான் இருக்கிறது. வழவழவென்று மட்டம் தட்டின களிம்பு, நடுவில் ஒரே ஒரு விரல் குழி. நேற்று நான் தொட்ட இடம். அதை மட்டும் அவர் மட்டம் தட்டவில்லை.

இருமுகிறார். அடித்தொண்டையிலிருந்து, லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி.

"ம்ம்ம்... நீ சொல்லாதே. கையைக் காட்டு."

சார், டாக்டர் அறையில் தனபாக்கியம் பாட்டி குரல்தானே கேட்கிறது? டாக்டர் உள்ளேதானே இருக்கிறார்?

அப்படியென்றால் அன்றைக்கு ஜன்னலில் அந்தக் கையை நீட்டிக் காட்டினது எனக்கு...

சிரிக்காதீர்கள் சார்.